கடைசி மூன்று பக்கம்

கதை எழுதுகிறவளுக்குக் கதை எழுதுவதுதான் கஷ்டம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கதை தன் பாட்டுக்கு வந்துவிடும். அதைப் புத்தகமாக்கி வெளியே அனுப்புவதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும். பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாளே, அவளைக் கேட்டால் சொல்லுவாள்.

தெருவே அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. கிளினிக் வாசலில் ஒரு மர மேஜை, அதன் மேல் ஒரு மணி, நம்பர் எழுதின பிளாஸ்டிக் வில்லைகள். தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பது அவள் வேலை. வரிசை என்றால் வரிசைதான். "எனக்கு டாக்டரை நல்லாத் தெரியும்" என்று எவனாவது முண்டிக்கொண்டு வந்தால், "டாக்டருக்கும் உங்களை நல்லாத் தெரியும். அதான் மெதுவா அனுப்பச் சொன்னார். உக்காருங்க" என்பாள். முறுக்கு மீசைக்காரன்கூட வில்லையை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவான்.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் மேஜைக்கு அடியிலிருந்து தாளை எடுப்பாள். அப்படி எழுதி எழுதியே ஒரு நாவலை முடித்துவிட்டாள். ஒரு வீடு, மாடியில் பூட்டிக் கிடக்கிற ஓர் அறை. பூட்டினது யார் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சந்தேகப்பட்டே திசைக்கு ஒன்றாகப் பிரிந்து போகிறார்கள். பூட்டினவள் அவர்களைப் பெற்றவள்தான் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும். ஏன் பூட்டினாள் என்பதை மூன்றே பக்கத்தில் எழுதியிருந்தாள். அழுகை, கதறல் ஒன்றும் கிடையாது. அவள் முதன்முதலில் எழுதியதே அந்த மூன்று பக்கத்தைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட பந்தல்.

ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போடச் சம்மதித்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் போட்டோ கேட்டார். அனுப்பினாள். "சிரிக்கிறீங்களேம்மா, நாவல் சோகமாச்சே" என்றார். முகத்தைத் தொங்கப் போட்டு இன்னொன்று எடுத்து அனுப்பினாள். அவளைப் பற்றி நாலு வரி எழுதிக் கேட்டார். நூற்றைம்பது பக்கம் எழுதினவளுக்கு அந்த நாலு வரி வரவில்லை. அப்புறம் ஒப்பந்தம் என்று எறும்பு எழுத்தில் ஒரு கட்டு வந்தது. அட்டைப் படத்தில் மாடி அறைக்குப் பதிலாகக் கடற்கரையில் ஒரு பெண் நின்றாள். கேட்டால், "நீல கலர்தாம்மா கடையில எடுத்துக் காட்டும்" என்றார். எல்லாவற்றுக்கும் அவள் சொன்னது ஒரே பதில்: "சரிங்க சார்."

அதுதான் அவளுக்கு வந்த வியாதி. கிளினிக்கில் புலி. பதிப்பாளரின் நம்பர் போனில் வந்தால் நனைந்த கோழி. எங்கே கோபித்துக்கொண்டு தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று பயம். கை வில்லையை உருட்டும், வாய் தானாக "சரிங்க சார்" என்று சொல்லிவிடும்.

அதில் பெரிய கூத்து முன்னுரை. "உங்களை யாருக்கும்மா தெரியும்? பெரிய ஆள் ஒருத்தர் கையால ஒரு முன்னுரை வேணும்" என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். அவளுக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆள், கடைவாய்ப் பல்லுக்காக கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த ரிட்டயர்டு புரொபசர். மேடை கிடைத்தால் இறங்காத மனுஷன். அவரைப் பிடிப்பதற்காக, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். கடைசியில் வந்தவருக்கு முதல் வில்லையைக் கொடுத்தாள். காத்திருந்த ஒரு கிழவர், "ஏம்மா, அவருக்கு மட்டும் பல்லு தங்கத்துலயா முளைச்சிருக்கு?" என்று கேட்டபோது காது சுட்டது. அதற்கப்புறம் ஆப்பிள் பையோடு அவர் வீட்டு கேட்டுக்கு நடந்தாள். நாய் குரைத்ததையும் பொறுத்துக்கொண்டாள். ஒருவழியாக முன்னுரை வந்தது. வந்ததே போதும் என்று படித்துக்கூடப் பார்க்காமல் பதிப்பாளருக்கு அனுப்பிவைத்தாள்.

இப்படியாக எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்ட நேரத்தில், ஒரு திங்கட்கிழமை மதியம் பதிப்பாளர் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் என்று அவர் ஆரம்பித்தாலே பெரிய குழி காத்திருக்கிறது என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"புக்கு பத்து ஃபாரத்துக்கு மேல மூணு பக்கம் போகுதும்மா."

"ஃபாரம்னா என்னங்க சார்?"

"பெரிய தாள்ல பதினாறு பக்கம் சேர்த்து அடிச்சு மடிப்போம். அதுதான் ஒரு ஃபாரம். பத்து ஃபாரம்னா நூத்தி அறுபது பக்கம். உங்களோடது நூத்தி அறுபத்து மூணு வருது. அந்த மூணு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஏத்தணும். தனி பிளேட்டு, தனி மடிப்பு. எனக்குக் கட்டுப்படியாகாது."

"எழுத்தைச் சின்னதாக்கினா?"

"ஏற்கெனவே ஆக்கியாச்சு. இதுக்கு மேல போனா பூதக்கண்ணாடி இலவசமாக் குடுக்கணும். நான் என்ன சொல்றேன்னா, கடைசி அத்தியாயம் சரியா மூணு பக்கம். அதை எடுத்துட்டா கச்சிதமா உக்காந்துரும். பூட்டினது யாருன்னு வாசகரே யோசிக்கட்டுமே. இப்போ அதுதான் ஃபேஷன். வெள்ளிக்கிழமை மெஷின் ஏறுது. சரிதானேம்மா?"

"சரிங்க சார்."

போனை வைத்துவிட்டாள். அடுத்த வில்லைக்காரரை உள்ளே அனுப்பினாள். அவர் எழுந்து போன நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது மண்டையில் உறைத்தது. பெற்ற பிள்ளையின் தலையை எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். இவள் சரிங்க சார் என்றிருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். அவள் புருஷன் ஸ்கூல் வேன் டிரைவர். வாசலில் வேனை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"என்ன, உன் புக்கு முதலாளி கூப்பிட்டாரா? இந்தத் தடவை என்ன வேணுமாம், உன் கிட்னியா?"

"கடைசி அத்தியாயத்தை எடுக்கச் சொல்றார்."

"நீ என்ன சொன்னே?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"சரிங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டியா? அடிப்பாவி! என்கிட்ட ஒரு நாளாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கியா? இருபது வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பு வரவேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. வேன் படியில் உட்கார்ந்து ஃபாரம், பதினாறு பக்கம், மிச்சமான மூன்று பக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுரண்டுகிற கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இவ்வளவுதானா? என் வண்டியில தினமும் நடக்கிற கதைதான் இது. வண்டி ரொம்பிப்போச்சு, ஏறினவங்கள்ல யாரையாவது இறக்கணும்."

"இறக்கச் சொல்றது என் பிள்ளையை."

"அதான் கேக்கிறேன். உன் பிள்ளையை ஏன் இறக்கணும்? ஓசியில ஏறி ரெண்டு சீட்டுல காலை நீட்டிக்கிட்டு வர்ற ஆள் யாருமே இல்லையா உள்ளே?"

அவள் நிமிர்ந்தாள். போனை எடுத்து, பதிப்பாளர் அனுப்பின ப்ரூஃபைத் திறந்தாள். தன் கதையை விட்டுவிட்டு முன்னுரையை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தாள். மொத்தம் ஆறு பக்கம். முதல் பக்கத்திலேயே, 'அறையைப் பூட்டியவள் தாயே என்று அறியும் தருணத்தில் நம் விழிகள் பனிக்கின்றன' என்று எழுதி வைத்திருந்தார் மனுஷன். நூற்றைம்பது பக்கம் அவள் பொத்திப் பொத்திக் கொண்டுபோனதை வாசலிலேயே நின்று தண்டோரா போட்டிருந்தார். மிச்ச ஐந்து பக்கத்தில் அவருடைய இளமைக் காலம், அவருக்குக் கிடைத்த பட்டம், அவர் எழுதிய இரண்டு கவிதை. மாடி அறையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"கடவுளே. இதுக்குத்தானா ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன்?" என்றாள்.

"நாய்க்காவது போட்டிருக்கலாம், குரைக்காம இருந்திருக்கும்" என்றான் அவன்.

அன்றைக்குத் தீர்மானம் செய்தாள். முன்னுரை இறங்கும், முடிவு இறங்காது. அதைப் போனில் சொல்லப் போவதில்லை. போன் என்றால் வாய் பழைய வழிக்கே ஓடிவிடும். நேரில் போய் நிற்பது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். பதிப்பாளரின் ஆபீஸ் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் புத்தகக் கட்டு. பசை வாடையும் பெயிண்ட் வாடையும் கலந்து தலையைச் சுற்றும். நாற்காலியிலும் கட்டு இருந்ததால் அவளை உட்காரச் சொல்ல அவருக்கு இடமில்லை. நின்றுகொண்டே பேசினாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

"சார், நேத்து நான் சரின்னு சொன்னது வாய் தவறி. கடைசி அத்தியாயத்தை எடுக்கக் கூடாது."

"அம்மா, உங்களுக்குக் கணக்கு சொன்னேனே..."

"கணக்கு புரிஞ்சுது சார். முன்னுரையை எடுங்க. ஆறு பக்கம் குறையும்."

அவர் டீயை உறிஞ்சப் போனவர் கிளாஸை அப்படியே வைத்துவிட்டார். "புரொபசர் முன்னுரையையா? அவர் பேரை அட்டையில போட்டாத்தாம்மா கடைக்காரன் கையில வாங்குவான். உங்க பேரைப் பார்த்து யார் வாங்குவா? தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்கலை. உண்மைதானே. ஆனா அவர் பேருக்காக வாங்குறவன் உள்ளே திறந்ததும் முதல் பக்கத்துலயே முடிவைப் படிச்சுட்டு மூடி வெச்சிருவான். நீங்க அதைப் படிச்சீங்களா சார்?"

பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். "முன்னுரையை எல்லாம் யாரும்மா படிக்கிறா? எழுதினவர், எழுத்தைக் கோக்கிறவர், ரெண்டே பேர்தான்."

"அப்போ யாரும் படிக்காத ஆறு பக்கத்தை வெச்சுக்கிட்டு, படிக்கிற மூணு பக்கத்தை வெட்டச் சொல்றீங்க."

அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. வெட்டுவது அவருக்குத் தொழில், அவ்வளவுதான். டீ கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா, நான் ஒத்துக்கிறேன். ஆனா அவர்கிட்ட நான் சொல்ல முடியாது. என் சின்ன மகளோட காலேஜ் விஷயமா அவர்கிட்ட ஒரு சிபாரிசு கேட்டு வெச்சிருக்கேன். நீங்களே பேசுங்க. அவர் வாயால எனக்கு ஒரு போன் வந்தா எடுத்துடறேன். வியாழக்கிழமைக்குள்ள வரணும். வரலைன்னா நான் கடைசி அத்தியாயத்தைத் தூக்கிட்டு அடிக்கப் போயிடுவேன். எனக்கும் பேப்பர்காரன் கழுத்துல கத்தி வெச்சிருக்கான்."

வாய் 'சரிங்க சார்' என்று வரப் பார்த்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கிவிட்டு, "வியாழக்கிழமை அவருக்குப் பல்லு வேலை இருக்கு. போன் வரும்" என்று சொல்லி இறங்கினாள்.

கெஞ்சி வாங்கினதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது லேசான காரியமில்லை. கடன் கேட்பதைவிடக் கேவலம். ராத்திரியெல்லாம் என்ன சொல்வது என்று உருப்போட்டாள். புருஷன் ஒரு யோசனை சொன்னான்: "ஊசி போட்டு வாய் மரத்துப்போனதும் சொல்லு. மனுஷனால திட்டவே முடியாது."

"அது கோழைத்தனம். வாய் நல்லா இருக்கும்போதே சொல்லுவேன்" என்றாள்.

வியாழக்கிழமை புரொபசர் வந்தார். போன தடவை போல நேராக மேஜைக்கு வந்து, முதல் வில்லைக்குக் கையை நீட்டினார். அவள் வரிசைப்படி வருகிற வில்லையைக் கொடுத்தாள். அவருக்கு முன்னால் ஐந்து பேர்.

"என்னம்மா, இன்னைக்கு இவ்வளவு பின்னாடி?"

"வந்த வரிசை சார். அன்னைக்கு நான் செஞ்சதுதான் தப்பு." அவர் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் நின்றாள். "சார், ஒரு விஷயம். உங்க முன்னுரையைப் புத்தகத்துலருந்து எடுக்கச் சொல்லப் போறேன். நானேதான் வந்து கேட்டேன், நானேதான் வேண்டாம்னும் சொல்றேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் அதுதான்."

புரொபசரின் முகம் மாறியது. காத்திருந்தவர்கள் எல்லாரும் பல் வலியை மறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"எடுக்கிறதா? என்ன பேச்சும்மா பேசறே? என் முன்னுரைக்காக எத்தனை பேர் வாசல்ல நிக்கிறாங்க தெரியுமா?"

"தெரியும் சார். நானும் நின்னேன். உங்க நாய்க்குக்கூட என்னை அடையாளம் தெரியும். புக்குல இடம் இல்லை. ஒண்ணு உங்க ஆறு பக்கம், இல்லைன்னா என் கடைசி அத்தியாயம். ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்."

"அப்போ அத்தியாயத்தைக் குறைச்சுக்கோ! முன்னுரைங்கிறது வாசல் விளக்கு மாதிரி."

"சார், கதையை முழுசாப் படிச்சீங்களா?"

அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு இருக்கிற வேலையில முழுசா எங்கேம்மா? கடைசி அத்தியாயம் படிச்சேன். கடைசியைப் படிச்சா மொத்தக் கதையும் பிடிபட்டுரும். எத்தனை வருஷ அனுபவம் எனக்கு!"

"அந்தக் கடைசி அத்தியாயத்தைத்தான் சார் வெட்டப் போறாங்க."

புரொபசர் கையிலிருந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதை வெட்டினா, பூட்டினது அம்மான்னு நீங்க எழுதினதுக்குப் புத்தகத்துல ஆதாரமே இருக்காது. படிக்கிறவன் தேடித் தேடிப் பார்த்துட்டு, இவர் வேற ஏதோ புத்தகத்துக்கு எழுதினதை இதுல ஒட்டிட்டாங்கன்னு நினைப்பான்."

தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். புரொபசர் எழுந்து போய்விடுவார் என்றுதான் டோக்கன் அக்கா நினைத்தாள். ஆனால் பல் வலி விடுமா? ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் முறை வந்ததும் உள்ளே போனார்.

டாக்டர் அவரை வெளியே அனுப்பச் சரியாக அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரம் வாயைத் திறந்துகொண்டே பேசாமல் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் வெளியே மேஜையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வில்லையை உருட்டவில்லை. ஒன்று, போன் போடுவார். இல்லையென்றால் பதிப்பாளரிடமிருந்து தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு ஆளைப் பார்ப்பது. அந்த எறும்பு எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி, சண்டை போட்டாவது வாங்குவது. தலையில்லாத பிள்ளையை ஊருக்குக் காட்டுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

புரொபசர் வெளியே வந்தார். உதடு ஒரு பக்கம் தொங்கிப்போய், வாயில் பஞ்சு. மேஜை முன்னால் நின்று மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு பக்கமா சுருக்கித் தர்றேன்னு சொல்றீங்களா சார்?"

தலையாட்டினார்.

அவளுக்கு மனசு ஒரு நிமிஷம் ஆடிப்போயிற்று. மூன்று பக்கமென்றால் கணக்கு அப்படியே உட்கார்ந்துவிடும். பதிப்பாளருக்கும் சந்தோஷம், அட்டையில் பெரிய பெயர், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சரிங்க சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"பூட்டினது யாருன்னு சொல்லாம மூணு பக்கம் எழுத முடியுமா சார்?"

அவர் யோசித்தார். பஞ்சைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு இன்னும் யோசித்தார். படித்ததே அது ஒன்றுதான் என்னும்போது வேறு எதை எழுதுவார்? மெதுவாக இல்லை என்று தலையசைத்தார். நல்ல காலம், பொய் சொல்லவில்லை.

"அப்போ வேண்டாம் சார். ஆனா பின் அட்டை ஃபாரம் கணக்குல வராது. அங்க உங்க பேரைப் போட்டு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிவைச் சொல்லாத வரி. இப்போ நீங்களே பதிப்பாளருக்குப் போன் போட்டு முன்னுரையை எடுக்கச் சொல்லணும்."

நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். புரொபசர் மரத்துப்போன வாயால் கனமாக ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் பதிப்பாளர் பதறிப்போனார்.

"சார்? சார், உடம்புக்கு என்ன? யாராவது பக்கத்துல இருக்கீங்களா?"

"நான் இருக்கேன் சார்" என்றாள் அவள். "பல்லுக்கு ஊசி போட்டிருக்கு. முன்னுரையை எடுத்துரச் சொல்றார்."

"எனக்கு ஒண்ணுமே புரியலையேம்மா. நீங்களாச் சொல்றீங்களா?"

புரொபசருக்குக் கோபம் வந்துவிட்டது. பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, வழிகிற எச்சிலோடு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார்: "எடுத்துடு. கடைசியை வெட்டாதே. நல்லா இருக்கு." அந்த 'நல்லா இருக்கு' அவள் கேட்காமலே வந்தது. முன்னுரைக்காக ஆப்பிளோடு அலைந்தபோதெல்லாம் வராதது. அவர் பஞ்சைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். பின் அட்டைக்கு ஒரு வரியை எழுதி அனுப்ப அவருக்கு அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஆனதாம். ஆறு பக்கத்தையும் ஒரே வரியாகக் குறைக்க மனுஷன் என்ன பாடு பட்டாரோ!

வெள்ளிக்கிழமை காலையில் பதிப்பாளர் திரும்பக் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க சார்."

"முன்னுரையை எடுத்ததும் இப்போ கடைசியில மூணு பக்கம் வெறுமையா நிக்குது. வெள்ளைத் தாளா விட்டா அசிங்கமா இருக்கும். முடிவைக் கொஞ்சம் நீட்டிக் குடுங்களேன். அந்த அம்மா கொஞ்சம் அழட்டும், பிள்ளைகள் கால்ல விழட்டும். மூணு பக்கம்தானே."

அவளுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. நாலு நாள் முன்னால் மூன்று பக்கம் தலையை எடுக்க வந்தவர், இப்போது மூன்று பக்கம் வால் ஒட்டச் சொல்கிறார்.

"முடியாது சார்."

"இல்லைன்னா என் சமையல் புக்கு விளம்பரம் போடட்டுமா?"

"அதுவும் வேண்டாம். கடைசி வரியில அந்தம்மா மாடிக் கதவைத் திறந்து வெச்சுட்டு உக்கார்ந்திருக்கா. அவ பக்கத்துல போய் யாரும் சமையல் புக்கு விக்க வேண்டாம். வெள்ளையாவே விடுங்க."

"வெறும் தாளுக்கா நான் பேப்பர் வாங்குறேன்?"

"பத்து ஃபாரம் நீங்க சொன்ன கணக்குதானே சார். கணக்கு அப்படியே இருக்கு. மெஷினை ஏத்துங்க. எனக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

போனை வைத்த பிறகுதான் கவனித்தாள். கையில் வில்லை இல்லை.

புத்தகம் வந்தது. நீல அட்டை, கடற்கரைப் பெண், மாற்றவே இல்லை. அதை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், பதிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது வெளியீட்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தினமும் போன் வருகிறது. கூட்டம் இருந்தால் எடுப்பதில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள்.

மேஜை ஓரத்தில் ஒரு புத்தகம் எப்போதும் இருக்கும். காத்திருப்பவர்கள் எடுத்துப் படிப்பார்கள். அன்றைக்கு வில்லையைப் பற்றிக் கேள்வி கேட்ட அந்தக் கிழவர், பல் செட்டுக்காக நாலு தடவை வந்து நாலு தடவையில் படித்து முடித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைத் தாள். இன்னொன்றைத் திருப்பினார். அதுவும் வெள்ளை.

"ஏம்மா, அச்சுல விட்டுப்போச்சா? இதுக்கு மேல ஒண்ணும் இல்லையே!"

"இல்லைங்க ஐயா. முடிஞ்சிருச்சு" என்றாள். "உங்க வில்லையைக் குடுங்க, அடுத்தது நீங்கதான்."